பனிக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்: விற்கத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இந்தக் கோடையில் 2022 மாடல் டொயோட்டா ஜிஆர்86 ஒன்று வாங்கினேன். மேனுவல் கியர், 18 அங்குல ரிம், கோடை டயர். தினமும் 401 நெடுஞ்சாலை வழியாக மிஸிஸாகாவுக்கு வேலைக்குப் போகிறேன். "ரியர் வீல் டிரைவ் (பின்சக்கரம் தள்ளும்) வண்டி பனிக்கு ஆகாது, விற்றுவிட்டு ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) எஸ்யூவி வாங்கு" என்கிறார் மாமா. பின்னால் இரண்டு விண்டர் டயரும் டிக்கியில் இரண்டு மணல் மூட்டையும் போட்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: விற்க வேண்டாம். நண்பர்கள் சொல்கிற அரைகுறை ஏற்பாடும் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் நல்ல விண்டர் டயர் போடுங்கள், ஓட்டும் முறையில் சிலவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி டொராண்டோ குளிர்காலத்தைத் தாங்கும். ஆனால் பனி கொட்டிக் கிடக்கிற ஒரு சில நாட்களில் அதை வெளியே எடுக்கவே கூடாது. அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் மாமா சொல்வதுதான் சரி.

முதலில் உங்கள் மாமாவின் பயத்துக்கு வருவோம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. முன்சக்கர டிரைவ் காரில் இன்ஜின் கனம் நேராக இழுக்கிற சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் 60 சதவீதம் முன்னால் இருப்பது அங்கே சாதாரணம். ஜிஆர்86-இல் தள்ளுகிற பின்சக்கரங்களுக்குக் கிடைப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. காய்ந்த ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்னால் சாயும், பின்சக்கரம் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். பனியில் அது நடக்காது. பிடிப்பு இல்லாததால் வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும், அதனால் எடையும் பின்னால் போகாது. இதனால்தான் சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து கரோலா நகர்ந்துவிடும், உங்கள் வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும்.

ஆனால் கிளம்புவதில் மட்டும்தான் அந்த எஸ்யூவிக்குப் பெரிய சாதகம். பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரும் நான்கு சக்கரத்தால்தான் நிற்கிறது. இறுகிய பனியில் டயரின் பிடிப்பு காய்ந்த ரோட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் காய்ந்த ரோட்டில் சுமார் 12 மீட்டரில் நிற்கிற வண்டி, இறுகிய பனியில் 40 மீட்டர் வரை போகும். வெறும் ஐஸ் என்றால் 100 மீட்டரை நெருங்கும். நாம் பார்த்துச் சுதாரித்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் தூரம் இதில் சேரவில்லை. ஆல் சீசன் டயரோடு ஓடும் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவியைவிட விண்டர் டயர் போட்ட உங்கள் சின்ன கார், அதுவும் 1,300 கிலோவுக்குள் இருக்கிற கார், பனியில் நிற்பதிலும் திரும்புவதிலும் நன்றாகவே நடந்துகொள்ளும். சட்டென்று கிளம்ப முடிகிறது என்பதால் தைரியம் வந்து, நிற்க முடியாத வேகத்துக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்கிய எஸ்யூவிகளை ஒவ்வொரு பனிப்புயலுக்குப் பிறகும் 400 நெடுஞ்சாலை ஓரத்தில் பார்க்கலாம்.

ஆகவே இது டயரின் கதை. இப்போது உங்கள் காரில் இருக்கிற கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். மைனஸ் 7-க்குக் கீழே போனால் ரப்பரே வெடிப்பு விடலாம் என்று டயர் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. அந்தக் குளிரில் வண்டியை ஓட்டாமல் வெளியே நிறுத்தி வைப்பதுகூட அந்த டயருக்கு நல்லதல்ல. எனவே முதல் பனி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்டோபர் கடைசியில், காலை நேரக் குளிர் 7 டிகிரிக்குக் கீழே நிலைக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். ஏப்ரல் வரை அது இருக்கட்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'எம்+எஸ்' (சேறு, பனி) எழுத்து போதாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சலுகை தந்தே ஆகவேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஆணி பதித்த டயர் தெற்கு ஒன்டாரியோவில் கூடாது, உங்களுக்குத் தேவையும் இல்லை.

அளவு விஷயத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அழகுக்காகத் தப்பு செய்வார்கள். பனிக்கு அகலமான டயர் எதிரி. ஒல்லியான டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது அதன் மேல் மிதக்கும். உங்கள் மாடலின் அடிப்படை வகையே 17 அங்குல ரிம்மில் 215/45 (215 மி.மீ. அகல) டயரோடுதான் வருகிறது, ஆகவே அது உங்கள் காருக்கும் பொருந்தும். வண்டியோடு வந்த 18 அங்குல ரிம்மைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். விண்டர் டயருக்குத் தனியாக 17 அங்குல ரிம் ஒரு செட் வாங்கிவிட்டால், ஒவ்வொரு சீசனிலும் பழைய டயரைப் பிடுங்கிப் புது டயரைப் பொருத்துகிற கூலி மிச்சம், நல்ல ரிம்மும் உப்பிலிருந்தும் குழிகளிலிருந்தும் தப்பிக்கும். டயரின் பக்கச் சுவர் கொஞ்சம் உயரமாக இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் ரிம் நெளிவதும் குறையும். மாற்றிய பிறகு 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பின்னால் இரண்டு மட்டும் போடுவது ஏன் கூடாது? கிளம்புவதற்கு அது உதவும், சந்தேகமில்லை. ஆனால் நிற்கும்போது எடை முன்னால் சாயும், பிரேக்கின் பெரும் பங்கு முன்டயருக்குத்தான். திருப்புவதும் அவைதான். விறைத்துப்போன கோடை டயர் முன்னால் இருந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

மணல் மூட்டைக்கு வருவோம். காலியான பிக்கப் டிரக்குக்கு அது நல்ல யோசனை, அதன் பின்பக்கம் அவ்வளவு லேசு. உங்கள் காரில் எடை முன்னும் பின்னும் ஓரளவு சமமாகவே இருக்கிறது. டிக்கியின் கடைசியில், பின்அச்சுக்கு வெளியே, 50 கிலோவை வைத்தால் கிளம்பும்போது கொஞ்சம் பிடிப்பு கூடும்தான். ஆனால் வளைவில் வால் ஒருமுறை விலகிவிட்டால் அந்தக் கனமே அதை இன்னும் வெளியே இழுக்கும், திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். நிற்கும் தூரமும் சற்று நீளும். சிக்கிக்கொண்டால் சக்கரத்தின் கீழே தூவுவதற்கு ஒரு சின்னப் பை மணலும் ஒரு மண்வெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சரி, இனி ஓட்டுவது. மேனுவல் கியர் உள்ள பின்சக்கர டிரைவ் காரில் பலருக்குத் தெரியாத ஆபத்து கியரைக் குறைப்பதில் இருக்கிறது. 401-லிருந்து இறங்கும் வளையச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் என்ன செய்வீர்கள்? நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட்டு, கிளட்சை விட்டு, இன்ஜினாலேயே வேகத்தைக் குறைத்தபடி வளைவுக்குள் போவீர்கள். அந்த இன்ஜின் பிரேக் முழுக்கப் பின்சக்கரங்களில் மட்டும்தான் விழுகிறது. ஐஸ் படிந்த வளைவில் கிளட்சைப் பட்டென்று விட்டால் பின்சக்கரங்கள் ஒரு கணம் ரோட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் நின்றுபோகும், ஹேண்ட்பிரேக்கை இழுத்த மாதிரியே. அடுத்த கணம் வால் வெளியே. அதனால் வேகத்தை நேர்ரோட்டிலேயே, வளைவு தொடங்குமுன், கால்பிரேக்கால் குறைத்துவிடுங்கள். கால்பிரேக் நான்கு சக்கரத்திலும் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் காவலுக்கு இருக்கிறது. கியரைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் இன்ஜின் சுற்றை லேசாக ஏற்றி, கிளட்சை மெதுவாக விடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதும் இதே பலனைத்தான் தரும், சற்றுக் குறைவாக.

கிளம்பும்போது இரண்டாம் கியர். கிளட்சை நிதானமாக விட்டு, ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய தொடாமல் நகர்த்துங்கள். உங்கள் காரில் டார்சன் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது, ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் மற்றதுக்கும் சக்தியைக் கொடுக்கிற கியர் அமைப்பு அது. ஒரு சக்கரம் ஐஸிலும் மற்றது சற்று நல்ல இடத்திலும் நிற்கும்போது அது உதவும். ஆனால் இதில் ஒரு சிக்கல்: இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுழன்றுவிட்டால், வண்டியை நேராகப் பிடித்துவைக்கப் பின்னால் எதுவும் இல்லை. ரோடு ஓரமாகச் சரிந்திருந்தால் வால் அந்தப் பக்கம் நழுவும். அப்போது காலை மென்மையாகத் தளர்த்துங்கள். இன்னும் அழுத்தினால் கர்ப் கல்லில் போய் ரிம் இடிக்கும்.

வால் விலகிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். கிளட்சை அழுத்திப் பின்சக்கரங்களை விடுவியுங்கள், எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள், கையும் அந்தப் பக்கமே திரும்பும். வால் திரும்பி வர ஆரம்பித்ததுமே ஸ்டீயரிங்கையும் நேராக்க வேண்டும். முதல் விலகலைப் பிடித்துவிட்டு, நேராக்கத் தாமதித்ததால் எதிர்ப்பக்கம் சுழன்றவர்கள்தான் அதிகம். வண்டி சறுக்கிச் சுழலாமல் தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இதில் பெருமளவு உங்களுக்காகச் செய்துவிடும், ரோட்டில் அதை அணைக்கவே கூடாது. பனியில் சிக்கி, முன்னும் பின்னும் ஆட்டி வெளியேற வேண்டியபோது மட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கலாம். ஏனென்றால் சக்கரம் சுழன்றதுமே அது இன்ஜின் வேகத்தை வெட்டிவிடும், வண்டி நகராது. வெளியே வந்ததும் உடனே போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் காலியான மால் பார்க்கிங்கில் பழகலாம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். 2021-லிருந்து ஒன்டாரியோவில் ஸ்டண்ட் டிரைவிங் (ஆபத்தான சாகச ஓட்டம்) சட்டம் பார்க்கிங் இடங்களுக்கும் பொருந்தும். பிடிபட்டால் அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாளுக்குப் போய்விடும், வண்டியை 14 நாள் பிடித்து வைப்பார்கள். குளிர்கால ஓட்டுநர் பயிற்சி தரும் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. ஐஸ் மைதானத்தில் ஒரு நாள் பயிற்றுநர் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால், கைக்கு அந்த உணர்வு வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு எந்த அலங்காரச் சாமானைவிடவும் முதலில் இந்தச் செலவைத்தான் சொல்வேன்.

எந்த நாளில் எடுக்கக் கூடாது? உங்கள் காரின் அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் இடைவெளி சுமார் 13 செ.மீ. அந்த அளவுக்குப் பனி கிடந்தால் வண்டி அதன் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துவிடும், சக்கரத்துக்கு எடையே கிடைக்காது, எந்த டயரும் உதவாது. பெரிய ரோடுகளை முதலில் வாரிவிடுவார்கள், உங்கள் தெருவுக்கு வர நேரமாகும். பனி வாரும் வண்டி வந்துபோன பிறகு டிரைவ்வே வாசலில் வரப்பு மாதிரி இறுகிய பனி குவிந்திருக்கும். எஸ்யூவிக்காரர் அதன் மேல் ஏறிப் போவார், நீங்கள் போனால் முன் பம்பர் கிழியும். மண்வெட்டியால் முழுக்க வாரிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 15 செ.மீ. பனி என்று முந்தின இரவே எச்சரிக்கை வந்தால் வீட்டிலிருந்து வேலை பாருங்கள், இல்லை டிடிசி பஸ்ஸும் கோ ரயிலும் இருக்கின்றன. பாரி, ஒரிலியா பக்கம் ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து பனிச்சாரல் அடிக்கும் ஊர்களில் குடியிருந்தால் என் பதிலே மாறியிருக்கும். அங்கே இந்த வண்டியை மூடி வைத்துவிட்டு, பழைய கார் ஒன்றை ஓட்டச் சொல்லியிருப்பேன்.

பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். மைனஸ் 20-இல் இருக்கும் ஐஸைவிட, உருகலாமா உறையலாமா என்று இருக்கும் ஈர ஐஸ்தான் மோசமாக வழுக்கும். பாலங்களும் மேம்பாலங்களும் மற்ற ரோட்டுக்கு முன்பே உறைந்துவிடும்.

உப்பு இந்த வண்டிக்குப் பனியைவிடப் பெரிய பகை. குளிர் தொடங்குமுன் அடிப்பாகத்துக்கு எண்ணெய் வகைத் துருத் தடுப்பு அடித்துவிடுங்கள், வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

இந்தக் காரின் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அளவு கீழே இறங்கி, பிறகுதான் கதவு திறக்கும். உறைந்த காலையில் அது இறங்காது. அப்போது கதவைப் பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும். ரப்பர் விளிம்பில் மாதம் ஒருமுறை சிலிகான் தடவி வையுங்கள்.

நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறினால் வீல் பேலன்ஸ் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ரிம்முக்குள் பனி இறுகி உறைந்திருக்கும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சுரண்டிவிட்டால் போதும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். வெப்பம் சுமார் 5 டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும். அக்டோபரில் நிரப்பியது ஜனவரியில் காணாது.

டயர் கடைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் போனால் உங்கள் அளவும் கிடைக்காது, மாற்றுவதற்கு நேரமும் தரமாட்டார்கள்.