பறவை பார்க்க டிசம்பர், ஜனவரிதான் சீசனா? மாசி, பங்குனியில் போனால் எதுவும் இருக்காதா?

தொடக்கத்தில் நானும் தை முடிந்ததும் பைனாகுலரைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். இப்போது வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் பார்க்கலாம் என்றால் பங்குனியைத்தான் கேட்பேன்.

எனக்குப் பக்கம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே வரும் வரித்தலை வாத்துகள் திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளுக்குப் போய்த்தான் முட்டையிடும். இமயத்தைத் தாண்டும்போது அவை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். மாசி பாதியில் குளம் நிறையக் கிடந்த கூட்டம், இரண்டு வாரம் கழித்துப் போனால் பாதிகூட இருக்காது. அதே நேரத்தில் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெளியூர்க் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்க, உள்ளூர்க் கூட்டம் பிள்ளை வளர்ப்பதை ஒரே காலையில் பார்க்கலாம். மார்கழியில் இது கிடைக்காது.

இன்னொன்று, நிறம். மார்கழியில் கருவால் மூக்கன் என்ற நீர்க்கரைப் பறவை சேற்று நிறத்தில் இருக்கும். பங்குனியில் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறத்துக்கு மாறிவரும். வெளிறிக் கிடந்த மஞ்சள் வாலாட்டியின் நெஞ்சு பளிச்சென்று மஞ்சளாகும். முள்முருங்கைப் பூவில் தேன் குடிக்கக் கூட்டமாக வரும் சூறைக்குருவிகளில் ரோஜா நிறம் ஏறியிருக்கும். வடக்கே போய்ச் சேர்ந்ததும் ஜோடி தேட வேண்டும். அதற்கான உடுப்பை இங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்புகின்றன. உள்ளான், மூக்கன் வகையெல்லாம் நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க இடைவிடாமல் மேயும். அதனால் நிதானமாக நின்றால் நெடுநேரம் பார்க்க முடியும்.

குளம் பக்கத்தில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமரத்துச் சருகைக் கிளறிக்கொண்டு ஓர் ஆறுமணிக்குருவி இருந்தது. ஐப்பசியில் வந்தது. விடியலிலும் பொழுது சாயும்போதும் அந்த இரட்டை விசில் கேட்கும். போன வருஷம் பங்குனி உத்திரம் கழிந்து சில நாளில், கொல்லை வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றியது. என்றைக்குப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது: பறவை வரும் நாள் கண்ணில் பட்டுவிடும், போகும் நாள் படாது. கடைசியாகக் கேட்ட குரல் கடைசிக் குரல் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அதனால் இப்போது தினமும் எழுதுகிறேன். 'இன்று இல்லை' என்றும் எழுதுகிறேன். இந்த மாதத்தில் அந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம். பறவைக் குறிப்புகளைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் மற்றவர்களுக்கும் பயன்படும். ஊர் ஊராக அலைய வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள். வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குள் போய்விடும்.

உங்கள் தெரு மின்கம்பியில் வலசை வந்த தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் நாளைக் காலையில் எண்ணித் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த சனிக்கிழமை அதே கம்பிக்குக் கீழே நின்று திரும்பவும் எண்ணுங்கள்.