வாக்குத்தத்த அட்டை, ஜாமீன் கையெழுத்து, வீட்டில் கோபம்: வேதாகம ஞானம் குறித்த கேள்வி பதில்

நீதிமொழிகள், யோபு போன்ற வேதாகமத்தின் ஞான நூல்களை வேதபாட வகுப்புகளில் கற்பித்து வருகிறேன். அன்றாட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். புத்தாண்டு ஆராதனையில், அந்த ஆண்டுக்கான வாக்குறுதியாக ஒரு வேதவசனத்தை அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டை எனக்குக் கிடைத்தது; அதில் எரேமியா 29:11 இருந்தது. தேவன் நம்மேல் நினைத்திருக்கிறவை "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதே ஆண்டில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. என் விசுவாசத்தில் குறையா?

பதில்: இல்லை அம்மா. உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க இதில் எந்த முகாந்தரமும் இல்லை. அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, எரேமியா 28, 29 அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது உங்கள் வசனம். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொல்லியிருந்தான். எரேமியா எழுதியதோ எழுபது வருடம். உங்கள் அட்டையில் இருப்பதற்கு முந்தின வசனமே அதுதான்! அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள்.

அவர்களைத் தேவன் என்ன செய்யச் சொன்னார் என்று பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்றார். வேலை இழந்த வீட்டுக்கு இதைவிட நெருக்கமான வார்த்தை எங்கே கிடைக்கும்? நிலைமையைச் சபையில் ஒரு குடும்பத்திடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். கிடைக்கிற சிறு வேலையைக் கணவர் ஏற்றுக்கொள்ளும்போது அதைக் குறைவாகப் பேசாதீர்கள். பிள்ளைகளின் படிப்பு தொடரட்டும்.

அட்டை அச்சிடும் சபைகளிடமும் ஒரு வேண்டுகோள். வசனத்தைக் கொடுக்கிற அதே ஆராதனையில் அதன் அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள். இப்படி எத்தனையோ பேர் தங்களைத் தாங்களே குற்றப்படுத்திக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

கேள்வி: நீதிமொழிகளைத் தினம் ஓர் அதிகாரம் வாசித்தால் போதுமா?

பதில்: 31 அதிகாரங்கள் இருப்பதால் மாதக் கணக்குக்குப் பொருந்துகிறது, நல்லது. முதல் ஒன்பது அதிகாரங்களைத் தொடர்ச்சியாக வாசியுங்கள். பத்திலிருந்து பெரும்பாலும் தனித்தனி வசனங்கள். ஓர் அதிகாரத்தின் எல்லா வசனங்களையும் ஓட்டமாக வாசித்தால் ஒன்றும் மனதில் தங்காது. அன்றைக்கு ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் பொறுமையாக இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் எரிந்து விழுகிறேன். ஜெபித்தும் மாறவில்லை.

பதில்: தம்பி, அலுவலகத்தில் முடிகிறதென்றால் பொறுமை உங்களிடம் இருக்கிறது என்றுதானே பொருள்? மேலதிகாரிக்குக் கிடைப்பது மகளுக்குக் கிடைக்கவில்லை. இதை நேராகச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் நீங்கள் இதை எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் வெறுமனே "நிறுத்து" என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. திருடனுக்கு என்ன சொல்கிறார்? திருடாதே, கைகளால் வேலை செய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடு என்கிறார். எடுத்துப் பழகிய கை கொடுக்கப் பழக வேண்டும். கத்திப் பழகிய வாய்க்கும் அப்படியொரு மாற்றுப் பழக்கம் தேவை. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்கிறது நீதிமொழிகள் 15:1. வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரம் குரலை உயர்த்த மாட்டேன் என்று பிள்ளைகளிடமே சொல்லிவையுங்கள். மீறினால் அன்று இரவே, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி மன்னிப்பு கேளுங்கள். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்வதை இப்படித்தான் வீட்டில் கைக்கொள்ள முடியும். கை ஓங்கும் அளவுக்குப் போகிறதென்றால் ஜெபத்தோடு மனநல ஆலோசகரையும் தாமதிக்காமல் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, என் மச்சான் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆவேனா?

பதில்: மாட்டீர்கள். நீதிமொழிகள் 6:1-5, 11:15, 17:18, 22:26-27 எல்லாம் இதைப் பற்றியே எச்சரிக்கின்றன. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது கடைசியாகச் சொன்ன பகுதி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டத் தவறினால் வங்கி உங்கள் வாசலுக்கு வரும்.

அதே வேதாகமம், எளியவனுக்கு உன் கையை மூடாதே என்று உபாகமம் 15-இல் சொல்கிறது. ஆகவே மனைவியோடு உட்கார்ந்து பேசி, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை உதவியாகவே கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தொலைபேசியில் வேண்டாம், அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற வசனத்தை நம்பி வளர்த்தேன். இப்போது மகன் ஆலயத்துக்கே வருவதில்லை. எங்கே தவறினேன்?

பதில்: அம்மா, நீதிமொழிகள் 22:6 வாழ்க்கை பொதுவாகப் போகும் போக்கைச் சொல்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தகப்பனின் புத்திமதியைக் கேளாத பிள்ளைகளைப் பற்றியும் அதே புத்தகம் பேசுகிறது. இத்தகைய பொதுவான உண்மைகளைச் சட்டமாக்கி, துன்பத்தில் இருந்த நீதிமானாகிய யோபுவைக் குற்றவாளியாக்கிய நண்பர்களைத் தேவன் கடிந்துகொண்டார் (யோபு 42:7). யாராவது இந்த வசனத்தைக் காட்டி உங்களைக் குறை சொன்னால் அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

மகனிடம் பேசும்போது ஆலயத்தைப் பற்றிய கேள்வியோடு தொடங்காதீர்கள். அவனுடைய வேலை, உடல்நலம், நண்பர்கள் பற்றிக் கேளுங்கள். ஏன் வருவதில்லை என்று அவனாகச் சொன்னால், குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். சபையில் யாராவது அவனைக் காயப்படுத்தியிருந்தால் அதைப் போதகரிடம் நீங்களே கொண்டுபோங்கள்.