ஆராய்ச்சிப் பிரிவே இல்லாத சிறு நிறுவனங்கள் புதுமைகளை எப்படி உருவாக்குகின்றன?

கேள்வி கேட்டவர் உற்பத்தி, சேவை இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். தனி ஆள், தனி பட்ஜெட், லேப் எதுவும் இல்லாத இடத்தில் புதுசாக ஒன்று எப்படிப் பிறக்கிறது என்பது அவருடைய சந்தேகம். நான் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சிறிய லேத், மில்லிங் பட்டறை நடத்துகிறேன். என் மச்சான் அதே வட்டாரத்தில் ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் செய்கிறார். இரண்டு தொழிலையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களைப் போன்றவர்களிடம் புதுமை பெரும்பாலும் வாடிக்கையாளரின் புகாரில்தான் தொடங்குகிறது. அந்தப் புகார் மெஷினில் நிற்கிற ஆளிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு மெல்லிய அலுமினிய புஷ் (குழாய் மாதிரி சிறு வளையம்) கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு லாட் திரும்பி வந்தது. புஷ் உட்காரும் கூடான ஹவுசிங்கில் சரியாக ஏறவில்லை, அங்கங்கே பிடிக்கிறது என்றார்கள். மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் அளந்தாலும் வெளிவிட்டம் டிராயிங் அளவுக்குள்தான் இருந்தது. அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, எங்கள் அளவும் பொய்யில்லை. இந்த மாதிரி நேரத்தில் பல பட்டறைகளில் முதலாளி போனில் வாதாடுவார், லேத்தில் நிற்பவருக்கு விஷயமே தெரியாது. நான் திரும்பி வந்த பெட்டியை அப்படியே ஆபரேட்டர் முன்னால் வைத்தேன். தர்மபுரிப் பக்கத்துப் பையன். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, வி-பிளாக்ல வெச்சு டயல் போட்டுப் பாக்கலாமா?" என்றான்.

வி-பிளாக் என்பது V வடிவப் பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டை, டயல் என்பது மேடு பள்ளத்தை முள்ளில் காட்டும் கருவி. அதில் வைத்துப் புஷ்ஷை ஒரு சுற்று உருட்டினால் டயல் முள் மூன்று தடவை ஏறி இறங்கியது. காரணம் மூன்று ஜா சக்கு, அதாவது மூன்று தாடையால் பொருளைப் பிடிக்கும் லேத்தின் பிடி. புஷ்ஷை உள்பக்கமிருந்து மூன்று இடத்தில் விரித்துப் பிடித்து வெளியே கடைகிறோம். கடையும்போது வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். சக்கைத் தளர்த்தியதும் மெல்லிய சுவர் பழைய நிலைக்குத் திரும்பும், வெளிப்பக்கம் மூன்று முனையாக நெளிந்துவிடும். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் நெளிந்த வட்டத்தை எதிரெதிராக இரண்டு புள்ளி வைத்து அளக்கிற மைக்ரோமீட்டரால் பிடிக்க முடியாது. ஒரு பக்கம் மேடு என்றால் அதற்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும், விட்டம் எங்கும் ஒன்றாகவே காட்டும். வி-பிளாக்கில் உட்கார வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

தீர்வும் அவன் வாயிலிருந்தே வந்தது. உள்ளேயிருந்து விரிக்காமல், இரண்டு முனையிலும் அமுக்கிப் பிடித்தால் என்ன என்று கேட்டான். மிச்சம் கிடந்த இரும்பு ராடை உள்விட்டத்துக்குக் கடைந்து, ஒரு முனையில் தோள் விட்டு, மறுமுனையில் தடித்த வாஷரும் நட்டும் போட்டோம். அழுத்தம் நீளவாக்கில் போவதால் வட்டம் கெடவில்லை. அளவைக் கொஞ்ச நாள் பார்த்த பிறகு, அதே ராடில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல புஷ்களை அடுக்கி ஒரே ஓட்டத்தில் கடைய ஆரம்பித்தோம். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மெல்லிய ஜாப்களுக்குக் கொட்டேஷன் கொடுக்க அதன் பிறகுதான் தைரியம் வந்தது. தரப் பிரச்சினையில் ஆரம்பித்தது, நேரத்தை மிச்சம் பிடித்து, கடைசியில் புது ஆர்டராக வந்து நின்றது. நான் பார்த்தவரை சிறு பட்டறைப் புதுமைகள் பலவும் இந்த வரிசையில்தான் வளர்கின்றன.

இப்படி உள்ளே ராடு விட்டுப் பிடிப்பதற்கு மாண்ட்ரல் என்று பெயர், அது காலங்காலமாக இருக்கிறதே, இதைப் புதுமை என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி வைத்திருக்கும் அளவுகோலின்படி, அந்த நிறுவனம் முன்பு செய்ததிலிருந்து கணிசமாக மாறி, நடைமுறைக்கும் வந்துவிட்டால் அது புதுமைதான். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டென்மார்க் நிறுவனங்களை வைத்து 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வு, புதுமைக்கு இரண்டு பாதைகளைச் சொன்னது. ஒன்று அறிவியல் ஆராய்ச்சி வழி. இன்னொன்று செய்வது, பயன்படுத்துவது, கலந்து பேசுவது என்ற வழி. இரண்டையும் சேர்த்துக் கையாண்ட நிறுவனங்களே புதுப் பொருள் கொண்டுவருவதில் முந்தின. நாங்கள் இருப்பது இரண்டாவது பாதையில். முதல் பாதைக்குச் சொந்த லேப் கட்ட வேண்டாம், வெளியே வாங்கலாம். பெங்களூரில் இந்த வசதி அதிகம். விமானம் செய்யும் எச்ஏஎல் 1940இல், மெஷின் டூல் செய்யும் எச்எம்டி 1953இல், மின்னணுக் கருவி செய்யும் பிஇஎல் 1954இல் வந்தவை. அவற்றுக்கு வேலை செய்து பழகிய கைகளிலிருந்து எத்தனையோ சிறு பட்டறைகள் முளைத்தன. துமகூரு ரோட்டில் 1962இல் தொடங்கிய சிஎம்டிஐ என்ற உற்பத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ராஜாஜிநகரில் 1972இல் தொடங்கிய ஜிடிடிசி என்ற அரசு டூல் ரூம், பயிற்சி மையம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிழையை அளந்து சொல்ல ஆள் வேண்டும் என்றால் அங்கே போகலாம். ஹீட் ட்ரீட்மென்ட், அனோடைசிங், வயர்கட் போன்ற துணை வேலைகள் எல்லாம் பக்கத்துத் தெருக்களிலேயே கிடைப்பதால், காலையில் தோன்றிய யோசனையைச் சாயங்காலம் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது.

சேவைத் தொழிலில் கதை வேறு. பட்டறையில் ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் ஓரமாக ஒரு துண்டை வீணாக்கலாம், யாருக்கும் தெரியாது. சேவையில் சோதனையே வாடிக்கையாளர் கண் முன்னால் நடக்கும். அதனால் என் மச்சான் எதை ஆரம்பித்தாலும் நீண்ட நாள் பழக்கமுள்ள ஒரே ஒரு கம்பெனியிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

அவருக்கு அடிக்கடி வந்த புகார், "கம்ப்ரசர் பத்தலை, பெருசா ஒண்ணு வாங்கணுமா?" என்பது. போய்ப் பார்த்தால் பல இடங்களில் மெஷின் நன்றாகவே இருக்கும், காற்று பைப்பிலும் ஹோஸிலும் கசிந்துகொண்டிருக்கும். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை காற்று இப்படிப் போவது சகஜம். வேலை நடக்கும்போது எது கசிவு, எது உபயோகம் என்று பிரித்து அளப்பது கஷ்டம். எனவே ஞாயிற்றுக்கிழமை, யாரும் காற்று எடுக்காத நேரத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுவார். லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) எவ்வளவு நேரம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறிப்பார். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் மொத்தம் 8இல் 2, அதாவது கம்ப்ரசர் திறனில் 25 சதவீதம் கசிவு. ஒரு வாட்சும் ஒரு நோட்டும் போதும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவிக் கசியும் ஜாயின்ட்களில் அட்டை கட்டி, போட்டோ எடுத்து, கரன்ட் பில்லில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். முதலில் இதை ரிப்பேரோடு சும்மா செய்து கொடுத்தார். இன்று அது தனிக் காசு வாங்கும் சேவை.

1986இல் ரிச்சர்ட் பாராஸ் என்ற ஆய்வாளர், உற்பத்தியில் வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை சேவையில் தலைகீழாக இருக்கும் என்று எழுதினார். உற்பத்தியில் முதலில் புதுப் பொருள், பிறகு செய்முறை. சேவையிலோ முதலில் வேலை சீராகும், அப்புறம் தரம் கூடும், கடைசியில்தான் புதுச் சேவை பிறக்கும். மச்சான் தொழிலில் நான் கண்டது அச்சாக இதுதான். (என் பட்டறைக் கதைகூட இந்த வரிசைக்குத்தான் கிட்ட வருகிறது. அடுத்தவர் டிராயிங்குக்கு ஜாப் ஒர்க் செய்பவன் விற்பது பொருளைவிட வேலையைத்தானே.) ஊரறிந்த உதாரணம் வேண்டுமென்றால் பெங்களூரு தர்ஷினிகள். 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி வந்தது. இட்லி, தோசை எல்லாம் அதேதான். முன்னாடியே காசு, நின்றபடி சாப்பாடு, தானே போய் வாங்கிக்கொள்வது என்று பரிமாறும் முறை மாறியது. அதிலேயே ஊருக்குப் புது மாதிரி ஹோட்டல் கிடைத்துவிட்டது.

எங்கே தடைபடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் தடை பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. ஆபரேட்டர் ஒரு யோசனை சொல்லி நேரம் மிச்சமானால், மறுநாளே அவன் டார்கெட்டை ஏற்றிவிடும் முதலாளிகள் உண்டு. அதோடு அந்தப் பையன் வாயைத் திறக்கமாட்டான். மிச்சமானதில் அவனுக்கும் பங்கு போக வேண்டும், அதுவும் சம்பளத்தோடு தெரிகிற மாதிரி. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே கிடையாது.

அடுத்தது பணம். சோதித்துப் பார்க்கக் கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டும், பில் பாக்கி அதை விழுங்கிவிடுகிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு தர வேண்டும். வட்டி கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பலர் கேட்பதேயில்லை. குறைந்தபட்சம் உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்து அந்த எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். 2023-24 முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பணத்துக்கு இது பொருந்தாது, நம் மாதிரி உற்பத்தி, சேவைக்குப் பொருந்தும். நாம் சண்டை போடாமலேயே அவர்கள் ஆடிட்டர் நமக்காகப் பேசுவார்.

கடைசியாகக் காப்புரிமை. பல பட்டறைப் புதுமைகளுக்கு அது தேவைப்படாது, கிடைக்கவும் செய்யாது. உண்மையிலேயே புதிதாக ஒன்று செய்துவிட்டீர்கள் என்று தோன்றினால், கண்காட்சியில் வைப்பதற்கும் வாட்ஸப்பில் வீடியோ போடுவதற்கும் முன்னால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான், வக்கீல் செலவு தனி. முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் இருக்கிறது. அந்த மாதங்களில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களிடம் விற்றுப் பாருங்கள், மேற்கொண்டு செலவழிக்கலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.