கேள்வி – பதில்: போட்டிக்கு மலையிறங்க ஒரு துணை

(குன்னூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருபவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. செஸ் நன்றாக ஆடுகிறாள். கோவைப் போட்டிகளுக்கு அனுப்பச் சொல்கிறார் அவளுடைய மாஸ்டர். ‘வயசுக்கு வந்த பிள்ளை, ஆடினது போதும்’ என்கிறார் மாமியார். கணவரும் அதையேதான் சொல்கிறார். என்ன செய்ய? – ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அனுப்புங்கள் அம்மா. முடிந்தால் நீங்களே கூடப் போங்கள்.

என் வகுப்பில் ஐந்தாம் வகுப்பு வரை பையன்களுக்குச் சமமாகப் பெண் பிள்ளைகள் உட்காருவார்கள். எட்டு, ஒன்பது வந்ததும் அவர்கள் பெஞ்சு காலியாகிவிடும். ஆட்டம் வராமல் போனதால் அல்ல. கோவையில் காலையில் முதல் ரவுண்டு என்றால் இங்கே விடியும் முன் பஸ் ஏற வேண்டும். மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் வளைவுகளில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி. கடைசி ரவுண்டு முடிந்து மலையேறும்போது இருட்டிவிடும். பையனை ‘பக்கத்து வீட்டு அண்ணனோடு போய்ட்டு வா’ என்று விட்டுவிடுகிறோம். பெண்ணுக்குத் துணை போக அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கிறது. தேயிலை நிறைய வரும் மாதங்களில் அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். ஒரு போட்டியில் நான்காவது ரவுண்டில் யானை ஒன்று கூடுதலாக வைத்திருந்தும் டிராவுக்கு ஒத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் இருபது நகர்வுகள் முத்து முத்தான எழுத்து, அதற்குப் பிறகு ஒரே கிறுக்கல். பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். அந்த மண்டபத்துக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். அங்கே போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. தலைவலியில் பலகையே தெரியவில்லை என்றாள். இப்போதெல்லாம் போட்டி நடக்கும் இடத்துக்குப் போனதும் முதலில் தாழ்ப்பாளைப் பார்ப்பேன், அப்புறம்தான் போர்டு நம்பர். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பையில் நாப்கின், மாற்று உடை, எலுமிச்சம்பழம் இருக்கட்டும். மாதவிலக்கு நாளில் போட்டி வந்தாலும் அவள் ஆடலாம்.

வைஷாலி, பிரக்ஞானந்தா இருவருக்கும் அம்மா நாகலட்சுமி குக்கரைக்கூடத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். எல்லாராலும் அது முடியாது. பக்கத்து ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) செஸ் ஆடும் பெண் பிள்ளைகள் யார் யார் என்று விசாரியுங்கள். மூன்று அம்மாக்கள் சேர்ந்தால் ஒரு போட்டிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். கணவரிடம் மாதம் ஒரு போட்டி என்று கேட்டுப் பாருங்கள், அதற்குச் சம்மதிப்பார். மாமியாரை ஒரு முறை கூட்டிப் போங்கள். பேத்தி ஆடி அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

கேள்வி: பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்திருப்பது, ஆண்களோடு மோத அவர்கள் மூளைக்கு முடியாது என்பதால்தானே? – வாசகர், ஊட்டி

பதில்: இல்லை. செஸ்ஸில் ஆண்கள் பிரிவு என்றே ஒன்று கிடையாது. ஓப்பன் பிரிவில் யாரும் ஆடலாம். அந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1976இல் ரோகிணி காடில்கர் என்ற மும்பைச் சிறுமி, 13 வயதில், தேசிய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆட வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. உலகச் செஸ் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஹங்கேரியின் ஜூடிட் போல்கர் உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனார். 2002இல் மாஸ்கோவில் ஒரு ரேபிட் (விரைவு) ஆட்டத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தார். உலகில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) வைத்திருப்பவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். ஆட வருபவர்களே இவ்வளவு குறைவு என்றால் உச்சியிலும் குறைவாகத்தான் இருப்பார்கள். மேலே சொன்ன காலிப் பெஞ்சைத்தான் நீங்கள் மூளை என்கிறீர்கள்.

தனிப் போட்டி வேண்டும் என்பதே என் கட்சி. பரிசும் பயண வாய்ப்பும் அதில் கிடைக்கின்றன. 2025இல் ஜார்ஜியா நாட்டுப் பட்டுமியில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் இரண்டு பக்கமும் நம் நாட்டுப் பெண்கள். கோனேரு ஹம்பியை வென்ற திவ்யா தேஷ்முக்குக்கு அப்போது வயது 19. ஆனால் ஓப்பனில் ‘சிறந்த பெண்’ கோப்பையை வாங்கிக்கொண்டு, அதுவே போதும் என்று வீட்டுக்குத் திரும்பும் பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது.

கேள்வி: பெண் கிராண்ட்மாஸ்டரும் கிராண்ட்மாஸ்டரும் ஒன்றா? – மாணவி, மஞ்சூர்

பதில்: இல்லை கண்ணு. பொதுவாக இரண்டுக்கும் நார்ம், அதாவது பெரிய போட்டிகளில் பட்டத்துக்கு உரிய தரத்தில் ஆடிக் காட்டியதற்கான தகுதி, வேண்டும். அதோடு பெண் கிராண்ட்மாஸ்டருக்கு 2300 ரேட்டிங், கிராண்ட்மாஸ்டருக்கு 2500. முதல் பட்டத்தை இந்தியாவில் முதலில் வாங்கியவர் சென்னை விஜயலட்சுமி. இரண்டாவதை வாங்கிய நம் பெண்கள் ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா. நீ 2500ஐக் குறி வை.

கேள்வி: வயது 36. மகனுக்குச் சொல்லித் தருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இனிமேல் முடியுமா? – இல்லத்தரசி, கூடலூர்

பதில்: தாராளமாக. தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் ஒரு பக்கம், வெறும் ராஜா எதிர்ப்பக்கம். அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு ராஜாக்களும் நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், நகர்ந்தே ஆக வேண்டியவர்தான் வழிவிட வேண்டும். இது பிடிபட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். மதியம் அரை மணி நேரம் போனில் லிசெஸ் ஆப்பில் ஆடுங்கள், காசு கிடையாது. இரவில் மகனோடு பலகையில் ஆடுங்கள். குன்னூர்ப் பக்கம் வேலையாக வந்தால் சனிக்கிழமை மதியம் எங்கள் வகுப்பில் வந்து உட்காருங்கள். பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.