ஆறு வளாகம், ஒரே விலை

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், மிஷிகன், வர்ஜீனியா, சொந்த மாநில ரட்கர்ஸ் என்று ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். விண்ணப்பக் கட்டணமே 700 டாலர் ஆகிறது. 529 கணக்கில் (படிப்புச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கும் கணக்கு) 1,40,000 டாலர் இருக்கிறது. இத்தனை இடம் தேவைதானா?

பதில்: 700 டாலரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் அதை 529 கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் பொதுவாக அந்தக் கணக்கின் தகுதியுள்ள செலவுகளில் சேராது. எடுத்தால் அதிலுள்ள லாபப் பங்குக்கு வரியோடு 10 சதவீத அபராதமும் வரும்.

எனக்கு உறுத்துவது பட்டியல்தான். கலிஃபோர்னியாவில் ஒரே விண்ணப்பம் போதும், வளாகத்துக்கு 80 டாலர் வீதம் கட்டினால் சரி. ஒவ்வொரு வளாகமும் தனித்தனியாகவே முடிவெடுக்கும் என்பதால் ஆறைக் குறிப்பதால் பாதகம் இல்லை. இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடலாம். விலை? வெளிமாநில மாணவர்களுக்கு எல்லா வளாகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரை ஒட்டி வரும். நான்கு ஆண்டில் 3 லட்சத்தைத் தாண்டும். அந்த மாநிலம் தன் பிள்ளைகளுக்குத் தரும் உதவித்தொகையும் உங்களுக்குக் கிடையாது. ஓராண்டு அங்கே இருந்தால் உள்ளூர்க் கட்டணம் ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்குச் செலவழித்தால் அது அநேகமாக நடக்காது.

ஆக, ஆறில் மூன்றை எடுத்துவிட்டு, வேறு விலை தரக்கூடிய இடங்களைச் சேர்க்கச் சொல்வேன். வர்ஜீனியா நல்ல தேர்வு. சேரும் மாணவரின் நிதித் தேவை முழுவதையும் ஈடுகட்டுவதாக அது சொல்கிறது, வெளிமாநிலத்தவருக்கும் சேர்த்து. வட கரோலினாவின் சாப்பல் ஹில்லும் அப்படித்தான். ஆனால் 'தேவை' என்பது அவர்கள் போடும் கணக்கு, நம் கணக்கு அல்ல. இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு அது பூஜ்யமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும், உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நிகர விலைக் கணிப்பான் இருக்கும். போன வருட வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். மதிப்பெண்ணுக்குச் சலுகை தரும் அலபாமா மாதிரி ஓரிரு இடங்களையும் பாருங்கள். பெயரைக் கேட்டு மகள் முகம் சுளிப்பாள், பரவாயில்லை.

வர்ஜீனியாவில் 'எர்லி டிசிஷன்' என்ற முன்கூட்டிய விண்ணப்பம் வேண்டாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம் அது. மற்ற இடங்களின் விலையைப் பார்க்கவே வழி இருக்காது. கூட்டாட்சி அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா (FAFSA) படிவம் இலவசம். கிரீன் கார்டு இருப்பதால் அந்த உதவிக்குத் தகுதியும் உண்டு.

ரட்கர்ஸ் செலவு உள்மாநிலத்தவருக்கு மற்றவற்றில் ஏறக்குறைய பாதி. உங்கள் 1,40,000 அங்கே பெரும்பகுதியைத் தாங்கும். விண்ணப்பம் அனுப்பும் முன்பே இந்தத் தொகையை மகளிடம் சொல்லிவிடுங்கள். மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்திலிருந்து கடிதம் வந்தபிறகு சொன்னால் வீட்டில் சண்டைதான்.