எச்-இன்டெக்ஸ் 54-ஆ, 17-ஆ? யாரிடம் பிஎச்.டி. சேருவது?

கேள்வி: ஊர் தங்கச்சிமடம். எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறேன். நரம்பியல் ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர இரண்டு கைடுகள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் 30 ஆண்டுகளாகக் கட்டுரை எழுதுகிறார். கூகுள் ஸ்காலரில் அவருக்கு எச்-இன்டெக்ஸ் 54, மேற்கோள்கள் 14,000. இன்னொருவர் எழுதத் தொடங்கி 9 ஆண்டுகள்தான். எச்-இன்டெக்ஸ் 17, மேற்கோள்கள் 1,100. "பெரிய எண் உள்ளவரிடமே போ" என்கிறான் அண்ணன். என்ன செய்யட்டும்?

பதில்: இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. எச்-இன்டெக்ஸ் 17 என்றால், பிறருடைய கட்டுரைகளில் தலா 17 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 17 இருக்கின்றன என்று பொருள். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டாலும் பழைய கட்டுரைகளால் இது ஏறும். அதனால் ஆண்டுக் கணக்கால் வகுத்துப் பார்க்கும் வழியையும் ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். 54-ஐ 30-ஆல் வகுத்தால் 1.8, 17-ஐ 9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.9. வேகத்தில் இருவரும் ஏறக்குறைய சமம்தான். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உங்கள் கடலிலேயே சாட்சி இருக்கிறது. உங்கள் பக்கத்து விசைப்படகுகளில் வரும் ஊசிக்கணவாயின் உறவான ஒரு கணவாயில், அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த நரம்பிழை உண்டு. அதற்குள் மின்முனையைச் செலுத்தித்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1952-ல் வந்த அந்த வரிசையில் மொத்தம் ஐந்து கட்டுரைகள். 1963-ல் நோபல் பரிசு. அந்த ஐந்தை மட்டும் எழுதியவர் என்று வைத்துக்கொண்டால், உலகமே மேற்கோள் காட்டினாலும் எச்-இன்டெக்ஸ் ஐந்தைத் தாண்டாது!

அப்புறம், 14,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதிகம் மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகளைத் திறந்து அவர் பெயர் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். நரம்பியல் கட்டுரைகளில் வேலையைச் செய்த மாணவர் பெயர் பொதுவாக முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வரும். பல நாடுகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வில் நூறு பெயர்களுக்கு நடுவே இருந்தாலும் மேற்கோள் முழுசாகவே கணக்கில் ஏறும். மூளைப் படங்களை அலசும் மென்பொருள் பற்றிய கட்டுரை, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மறுஆய்வுக் கட்டுரை இரண்டுமே மேற்கோள்களை அள்ளும். தவறில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது சோதனை செய்யக் கற்றுத்தரும் இடம்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். இனிஷியலும் ஒரே பெயரும் பலருக்கு உண்டு. ஸ்காலர் பக்கத்தில் வேறொருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவது சகஜம். மூளை ஆராய்ச்சியாளர் பக்கத்தில் சிமென்ட் பற்றிய கட்டுரை இருந்தால் எண்ணை நம்பாதீர்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) அடையாள எண் அவருக்கு இருந்தால் அதில் சரிபாருங்கள்.

மேற்கோள் அதிகம் என்பதற்காக ஒரு கட்டுரை சரியாகிவிடாது. 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு அல்சைமர் கட்டுரை இரண்டாயிரத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. படங்களில் முறைகேடாகக் கைவைத்திருப்பது தெரிந்து 2024-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதை நம்பி எத்தனை மாணவர்கள் ஆண்டுகளைச் செலவழித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

என்னைக் கேட்டால், இருவரின் மாணவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன. கைடின் பெயரில் தேடலாம். அங்கே கிடைக்கும் மாணவர் பெயர்கள் அவருடைய கட்டுரைகளில் முதலில் வருகின்றனவா? பதிவு செய்து எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? இருவரிடமும் முடித்தவர்கள் இரண்டு பேருக்காவது மின்னஞ்சல் அனுப்புங்கள். கைடு வாரம் ஒருமுறையாவது ஆய்வகத்தில் உட்கார்ந்து பேசுவாரா, சோதனை தோற்றால் எப்படி நடந்துகொள்வார், ஃபெலோஷிப் பணம் தாமதமானால் உதவுவாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இளையவரிடம் இன்னும் யாரும் முடிக்கவில்லை என்றால், இப்போது அவரிடம் இருக்கும் மாணவரிடம் பேசுங்கள்.