கேள்வி–பதில்: மெல்லிய ஓட்டின் இயல்பு அதிர்வெண்

கே: கணினியில் உறுப்புகளாக (சிறு துண்டுகளாக)ப் பிரித்துக் கணக்கிட்டேன். என் மெல்லிய உருளை ஓட்டில் (மெல்லிய சுவர் கொண்ட உள்ளீடற்ற உருளையில்) மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண், அதாவது அது தானாக அதிரும் வேகம், சுற்றளவில் 6 அலைகள் கொண்ட வடிவத்துக்கு வருகிறது. எளிய வடிவத்துக்கல்லவா வரவேண்டும்?

ப: கணக்கு சரிதான். அலை எண்ணிக்கை கூடக்கூட ஓட்டை இழுக்கும் ஆற்றல் குறையும், வளைக்கும் ஆற்றல் ஏறும். கூட்டுத்தொகை இடையில்தான் தாழும். ஆரம் 500, நீளம் 1000, தடிமன் 3 மி.மீ. கொண்ட எஃகு உருளை, இரு முனையும் எளிய தாங்கலில் (வட்டம் குலையாமல் பிடித்து, அச்சுத்திசையில் நகரவும் திரும்பவும் விட்டு) இருந்தால், 6 அலையில் சுமார் 150 ஹெர்ட்ஸ் வரும்; 2 அலையில் அதைப்போலப் பல மடங்கு.

6 அலை என்றால் 12 அரை அலை. நேரியல் உறுப்புகள் (விளிம்புகளில் இடைமுனை இல்லாத எளிய வகை) எனில் அரை அலைக்குப் பத்தாக, சுற்றளவில் 120 வையுங்கள். ஒரே அதிர்வெண் இரண்டிரண்டாக வந்தால் பயப்பட வேண்டாம், உருளையின் வட்டச் சமச்சீரால் அப்படித்தான் வரும். முனையில் அச்சுத்திசை நகர்வைப் பூட்டினீர்களா என்று பாருங்கள். விடை வெகுவாக மாறும். மில்லிமீட்டர்–நியூட்டன் அலகில் அடர்த்தி டன்னில் வேண்டும்; கிலோவில் கொடுத்தால் அதிர்வெண் 32 மடங்கு சரியும்!